எடுக்கப்படாத படங்களின் நடிகர்கள்

ஒரு கதாபாத்திரத்துக்கு இன்ன நடிகர் பொருந்துவார் என்று சொல்வது விமர்சனக் காரியம்தான் என்று எனக்கு வெகு நாட்களாகவே ஓர் எண்ணம். ரசிகர் மன்றத்துப் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. தீவிரமாக இலக்கியம் பேசும் நண்பர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் ஒரு கதையைப் படித்துவிட்டு அதன் நாயகனுக்கு நான் ஒரு முகம் சொன்னால், கதையை எப்படிப் படித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பக்கம் எழுதி மழுப்பலாம். ஒரு நடிகன் பெயரைச் சொல்லிவிட்டு மழுப்ப முடியாது. இங்கே நான் எடுத்துக்கொள்வது நம் வட்டத்தில் யாரும் மதிக்காத ஒரு கதை வகை: 1930களில் அமெரிக்க மலிவுப் பத்திரிகைகளில் வேர்விட்ட, வாளும் மந்திரமும் சேர்ந்த கதைகள். நடிகர்களைத் தேடுவது அதே வருஷங்களிலிருந்து 1950 வாக்கில் வரையிலான ஹாலிவுட்டில். அந்த இருபது வருஷ காலத்தில் அக்கதைகளில் ஒன்றைக்கூட ஹாலிவுட் படமாக்கவில்லை. ஆகவே நடக்காத ஒன்றின் சரித்திரம் இது. நடக்காததற்கும் காரணங்கள் உண்டு, தேதிகள் உண்டு.

வகைக்குப் பெயர் வந்ததே தாமதமாகத்தான். 1961-ல் இங்கிலாந்தின் இளம் எழுத்தாளர் மைக்கேல் மூர்காக், இந்த மாதிரிக் கதைகளை என்னவென்று அழைப்பது என்று ஒரு கேள்வி போட்டார். ‘ஸ்வோர்ட் அண்ட் ஸார்ஸரி’ என்று பதில் சொன்னவர் ஃப்ரிட்ஸ் லைபர். இந்த லைபர் ஒரு நடிகரின் மகன். அப்பாவுக்கும் அதே பெயர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன குழுக்காரர். 1917-ல் தீடா பாரா க்ளியோபாட்ராவாக நடித்த மௌனப்படத்தில் அவர்தான் ஸீஸர். பிறகு பேசும் படங்களில் சின்னச் சின்ன வேடங்கள். 1940-ல் வந்த ‘தி ஸீ ஹாக்’ படத்தில் எர்ரால் ஃப்ளின்னின் மாலுமிகளுக்குத் தண்டனை சொல்லும் ஸ்பானிய மத விசாரணைக்காரராக வருகிறார். நீண்ட முகம், வெள்ளை முடி, குழிந்த கண். மகனும் கொஞ்சம் நடித்துப் பார்த்தார். 1936-ல் க்ரேட்டா கார்போவின் ‘கமீல்’ படத்தில் ஒரு சிறு வேடம். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1939 ஆகஸ்ட் ‘அன்னோன்’ இதழில், ஃபாஃபர்ட், க்ரே மௌஸர் என்ற இரண்டு திருடர்களின் முதல் கதையை வெளியிட்டார்.

ஆக, இந்த வகைக்குப் பெயர் வைத்த மனிதர் ஹாலிவுட் ஒப்பனை அறையின் நாற்றம் அறிந்தவர். அவர் குடும்பம் ஸ்டுடியோக்களின் வாசலிலேயே இருந்தது. ஹாலிவுட் அந்தக் காலத்தில் அவரிடமிருந்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: ‘கஞ்யூர் வைஃப்’ என்ற நாவல். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவி ரகசியமாக மந்திரம் செய்து கணவரைக் காப்பாற்றி வருகிற கதை. யூனிவர்ஸல் அதை 1944-ல் ‘வியர்ட் உமன்’ என்று, லான் சேனி ஜூனியரைப் பேராசிரியராக்கி, அவசர அவசரமாக எடுத்து முடித்தது. மந்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். வாள் வேண்டியிருக்கவில்லை, வாளுக்கு அவர்களிடம் வேறு கதைகள் இருந்தன.

ஏன் இரண்டும் சேரவில்லை என்பதுதான் என் கேள்வி. ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன் கதைகளில் ஒன்று ‘தி டவர் ஆஃப் தி எலிஃபண்ட்’. அது ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் வெளிவந்தது 1933 மார்ச் இதழில். அதே 1933 மார்ச் 2-ம் தேதி நியூயார்க்கில் ‘கிங் காங்’ திரையிடப்பட்டது. கதையில் ஒரு ராட்சதச் சிலந்தி வருகிறது. ‘கிங் காங்’குக்காகவும் வில்லிஸ் ஓப்ரையன் பள்ளத்தாக்கின் அடியில் சிலந்திகளை உண்டாக்கியிருந்தார், படம் வெளிவருமுன் அந்தப் பகுதி வெட்டப்பட்டது. அதாவது, ஹோவர்ட் டெக்ஸாஸில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து சொல்லுக்கு அரை சென்ட், ஒரு சென்ட் என்று எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் கற்பனையைத் திரையில் காட்டும் கைத்திறன் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் தயாராகவே இருந்தது. சங்கீதத்துக்கு மாக்ஸ் ஸ்டைனர் இருந்தார். கோட்டைச் சுவர் இருந்தது. அந்தச் சுவரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ‘கிங் காங்’ தீவின் பிரம்மாண்டமான வாசல் 1935-ல் ‘ஷீ’ படத்தில் மறுபடி வருகிறது. 1938 டிசம்பரில் ‘கான் வித் தி விண்ட்’டுக்காக அட்லாண்டா நகரம் எரிவதைப் படமெடுத்தபோது அந்த வாசலைத்தான் மற்றப் பழைய செட்டுகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள்.

‘ஷீ’தான் ஹாலிவுட் இந்த வகைக்கு மிக அருகில் வந்த இடம். ரைடர் ஹாகார்டின் ஆப்பிரிக்கக் கதையைத் துருவப் பனிக்குக் கொண்டுபோனார்கள். சாகாத ராணியாக ஹெலன் காஹகன், நாயகனாக ராண்டால்ஃப் ஸ்காட். அந்த அம்மாள் நடித்த ஒரே பெரிய படம் அது. பிறகு காங்கிரஸ் உறுப்பினராகி, 1950 செனட் தேர்தலில் ரிச்சர்ட் நிக்ஸனிடம் தோற்றார். படமும் தோற்றது. பணம் போட்டவர்களுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆனால் பணம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1938-ல் வார்னர் ஸ்டுடியோ ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் செலவழித்தது. திருடன் கதைக்கு, டெக்னிகலரில். அதற்குத் தயங்காதவர்கள் இன்னொரு திருடனுக்கு ஏன் தயங்க வேண்டும்? அந்தப் படத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு காட்சிதான் கண்ணில் நிற்கிறது. காட்டில், மாறுவேடத்திலிருந்த ரிச்சர்ட் அரசர் தன்னை வெளிப்படுத்துகிறார், ராபின் மண்டியிடுகிறான். ‘காப்டன் ப்ளட்’டில் கடற்கொள்ளைக்காரன் புது ராஜாவின் மன்னிப்பை வாங்கிக்கொண்டு கவர்னராகிறான். ‘தி ஸீ ஹாக்’கில் எலிஸபெத் ராணி அவனுக்குப் பட்டம் கொடுக்கிறாள். 1937-ல் ‘தி ப்ரிஸனர் ஆஃப் ஸெண்டா’வில் ரானல்ட் கோல்மன் கைக்கு வந்த சிம்மாசனத்தை உரியவனிடம் ஒப்படைத்துவிட்டுக் குதிரையேறிப் போகிறார். ஹாலிவுட்டின் வாள்வீரர்கள் எல்லோரும் கடைசியில் யாரோ ஒருவர் முன் குனிகிறார்கள். சட்டத்தை மீறியது உண்மையான சட்டத்துக்காகத்தான் என்று நிரூபணமாகிறது.

கோனன் குனிவதில்லை. அவன் நுமெடைடிஸ் என்ற ராஜாவை அவனுடைய சிம்மாசனத்திலேயே கொன்று, ரத்தம் காயுமுன் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டவன். அதற்கு நியாயம் தேடுவதும் இல்லை. 1934 ஜூலையிலிருந்து ஜோஸஃப் ப்ரீன் கையில் இறுகிய தணிக்கை விதிகள் குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் சாயக்கூடாது என்றன. திருடி, கொள்ளையடித்து, ராஜாவைக் கொன்று, தண்டனையில்லாமல் ஆளவும் செய்கிற ஒருவனுக்கு அந்த அலுவலகத்தில் இடம் கிடையாது. மந்திரவாதிகளை அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அபகரித்தவன் நன்றாக ஆண்டான் என்பதைத்தான் பொறுத்திருக்க மாட்டார்கள்.

சரி, தணிக்கை இல்லை, செலவுக்கும் குறைவில்லை என்று வைத்துக்கொண்டு கோனனுக்கு வருவோம்.

இன்றைக்குக் கோனன் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது ஓர் உடம்பு. 1966 முதல் லான்சர் வெளியீட்டின் மலிவுப் பதிப்புகளுக்கு ஃப்ராங்க் ஃப்ரஸெட்டா வரைந்த அட்டைகளில் பிறந்த உடம்பு அது. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் நான் வாங்கிய பிரதியிலும் அதே அட்டைதான். அந்த அட்டைக்காகத்தான் வாங்கினேன் என்பதையும் மறைப்பானேன். 1982-ல் ஜான் மிலியஸ் எடுத்த படத்தில் ஆர்னால்ட் ஷ்வார்ஸநெகர் அந்த அட்டைக்கு உயிர் கொடுத்தார். அந்தப் படத்தை நான் வெறுக்கவில்லை. அதில் ஒரு ஸ்தூலமான கம்பீரம் உண்டு. ஆனால் அது ஃப்ரஸெட்டாவைப் படித்த படம். ஹோவர்ட் எழுதிய கோனன் சிறுத்தை மாதிரி நகர்கிறவன், பல பாஷை பேசுகிறவன், வாய்விட்டுச் சிரிக்கிறவன், காரணம் சொல்லாமல் சோர்ந்து உட்காருகிறவன். அவன் முதன்முதலில் அச்சில் தோன்றியது 1932 டிசம்பரில், ‘தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்’ கதையில். அப்போது அவன் கையில் இருப்பது எழுதுகோல். அரசனாகிவிட்ட கோனன் மேஜை முன் உட்கார்ந்து, அரண்மனைத் தேசப்படங்களில் வெறுமையாகக் கிடக்கும் தன் வடக்குச் சீமையைக் கோடு போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறான். இந்தக் காட்சியை நடிக்கத் தெரிந்தவன் எவனோ அவனே கோனன். தோள் அகலம் பிறகு.

இந்த அளவுகோலில் ஜானி வைஸ்முல்லர் முதல் சுற்றிலேயே போய்விடுகிறார். நீச்சலில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 1932 முதல் டார்ஸான். உடம்பு அழகுதான், ஆனால் அது ஞாபகங்களே இல்லாத உடம்பு. எர்ரால் ஃப்ளின் வாள் பிடித்தால் கண்ணுக்கு விருந்து. எனினும் அவர் எந்த அறையில் நுழைந்தாலும் அங்கே தனக்கு வரவேற்பு உண்டு என்று தெரிந்தவர் போலவே நுழைகிறார். கோனன் நுழைகிற ஒவ்வொரு நகரத்திலும் அவன் அந்நியன், அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். விக்டர் மெக்லாக்லன் அருகில் வருகிறார். நிஜமான குத்துச்சண்டைக்காரர், 1909-ல் ஜாக் ஜான்ஸனோடு மேடையேறியவர். 1935-ல் ‘தி இன்ஃபார்மர்’ படத்தில் அந்தப் பெரிய சரீரம் குற்ற உணர்வில் குலைவதை நடித்துக் காட்டி ஆஸ்கார் வாங்கினார். ஆனால் கோனனுக்குக் குற்ற உணர்வு ஒரே ஒரு கதையில்தான் வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தன் நாயகன் எங்கிருந்து வந்தான் என்பதை ஹோவர்டே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். குத்துச்சண்டைக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள், எண்ணெய் வயல் முரடர்கள், சூதாடிகள், நேர்மையான தொழிலாளிகள் என்று தான் நேரில் பார்த்த மனிதர்களின் கலவைதான் அவன் என்று. இது வெறும் பேச்சில்லை. க்ராஸ் ப்ளெயின்ஸ் என்ற அவருடைய ஊரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது ஒரே வருஷத்தில் ஊர் தலைகீழாவதைச் சிறுவனாக இருந்து பார்த்தவர் அவர். பணம், சண்டை, விபசாரம், பிறகு எண்ணெய் வற்றியதும் வெறிச்சோடிய தெரு. அவர் கதைகளில் நாகரிகம் என்பது எப்போது வேண்டுமானாலும் மண்ணாகிவிடக்கூடிய ஒன்றாகவே இருப்பதற்குப் பழைய சரித்திரப் புத்தகங்களைவிட இந்த எண்ணெய்க் கிணறுகளே காரணம் என்பது என் எண்ணம்.

எண்ணெய் வயலில் கூலி வேலை செய்த ஒரு நட்சத்திரம் ஹாலிவுட்டில் இருந்தார். க்ளார்க் கேபிள். 1920களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவில், அப்பாவோடு. மீசைக்கு முந்தைய கேபிளைப் பலரும் பார்த்ததில்லை. 1931-ல் ‘நைட் நர்ஸ்’ படத்தில் கறுப்பு உடை போட்ட கார் டிரைவராக வந்து கதாநாயகியை முகத்தில் குத்துகிறாரே, அந்த கேபிள். சிரிப்பில் பல் மட்டுமே இருக்கும். கண் எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சரித்திர உடை அவருக்குப் பொருந்தாது என்பார்கள். 1937-ல் ‘பார்னல்’ படம் விழுந்ததை உதாரணம் காட்டுவார்கள். பார்னல் கனவான், அதனால் பொருந்தவில்லை. கோனனுக்கும் ராஜ உடை பொருந்தாது, பொருந்தவும் கூடாது, கதையே அதுதான். மேஜைக் காட்சிக்கு வேறு கேபிள் வேண்டும். 1942 ஜனவரியில் மனைவி கரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்த பிறகு அவர் முகத்தில் குடியேறிய கனம் கடைசிவரை இறங்கவே இல்லை. அவர் இறந்தபின் 1961-ல் வெளிவந்த ‘தி மிஸ்ஃபிட்ஸ்’ படத்தில், குதிரை பிடிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத கிழவனாக அவர் மண்ணில் உட்காரும் விதத்தைப் பார்த்தால், தேசப்படத்தில் தன் ஊரைக் குறித்துக்கொண்டிருக்கும் அரசன் எப்படி இருப்பான் என்று தெரியும்.

இதை எழுதும்போதே உறுத்துகிறது: ஹோவர்டுக்கு இந்த வயது கிடைக்கவில்லை. ‘வியர்ட் டேல்ஸ்’ அவருக்கு 800 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. 1935-ல் அதைக் கேட்டுக் கடிதம் எழுதினார். 1936 ஜூன் 11-ம் தேதி, அம்மாவுக்கு இனி நினைவு திரும்பாது என்று கேட்டதும் வீட்டு வாசலில் நின்ற காருக்குள் போய்த் தன்னைச் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 30 வயது. கிழட்டு அரசனின் அலுப்பை எழுதியவர் 26 வயது இளைஞர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸி. எல். மூரின் ஜோய்ரி நாட்டு ஜிரெலுக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. மூர் என்பது இண்டியானாபோலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த காதரின் லூஸில் மூர் என்ற பெண். 1934 அக்டோபரில் வந்த ‘ப்ளாக் காட்ஸ் கிஸ்’ கதையில் ஜிரெலின் கோட்டை கியோம் என்பவனிடம் விழுகிறது. அவன் அவளைப் பலவந்தமாக முத்தமிடுகிறான். அவள் கோட்டைக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாக ஒரு நரகத்துக்கு இறங்கி, ஒரு கறுப்புச் சிலையின் முத்தத்தை வாங்கி வந்து அதை அவனுக்குக் கொடுக்கிறாள். அவன் சாகிறான். செத்த பிறகுதான் தான் அவனைக் காதலித்தது அவளுக்குப் புரிகிறது. சிவப்புத் தலைமுடி என்பதால் தயாரிப்பாளர்கள் மரீன் ஓ’ஹாராவைப் பிடிப்பார்கள். வாளும் நன்றாகச் சுழற்றுவார். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி நிமிஷம். வெறுப்பும் ஆசையும் ஒரே முகத்தில், ஒன்றையொன்று மறைக்காமல், வசனமில்லாமல். பார்பரா ஸ்டான்விக் இதை 1933-லேயே செய்துவிட்டார்: ஃப்ராங்க் காப்ராவின் ‘தி பிட்டர் டீ ஆஃப் ஜெனரல் யென்’ படத்தில், தன்னைச் சிறை வைத்த சீனத் தளபதி விஷம் கலந்த தேநீரைக் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிஷனரிப் பெண்ணாக. ‘நைட் நர்ஸ்’ படத்தில் கேபிளிடம் குத்து வாங்கியவரும் இதே ஸ்டான்விக்தான். ஆகவே கியோம் வேடத்துக்கும் கேபிளையே போடுகிறேன். ஸ்டுடியோக்கள் செய்யாததையா செய்கிறேன்.

கறுப்புக் கடற்கரை ராணி பெலித்துக்கு என்னிடம் ஆள் இல்லை. ஹோவர்ட் அவளை எழுதவே இல்லை, கனவு மட்டும் கண்டார்.

மந்திரவாதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாலிவுட்டில் அந்தச் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. பாஸில் ராத்போன் நிஜத்தில் தேர்ந்த வாள்வீரர், படத்துக்குப் படம் தோற்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். க்ளாட் ரெய்ன்ஸ் 1933-ல் உருவமே இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தினார். ‘தி அவர் ஆஃப் தி ட்ராகன்’ நாவலில் 3,000 வருஷம் செத்துக் கிடந்து எழுப்பப்படும் ஸால்டோடன் வேடத்துக்கு போரிஸ் கார்லாஃப் தவிர யாரும் கிடையாது. 1932-ல் ‘தி மம்மி’ படத்திலேயே அவர் ஒத்திகை பார்த்துவிட்டார். கண்ணைத் திறக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று போதும். ஹோவர்டின் கதை ஒன்று முதன்முதலில் திரைக்கு வந்தபோது அதை அறிமுகப்படுத்தியவரும் கார்லாஃப்தான்: 1961-ல் ‘த்ரில்லர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், ‘பிஜியன்ஸ் ஃப்ரம் ஹெல்’. வாள் இல்லாத கதை. லைபருக்கு நேர்ந்ததுதான் இவருக்கும்.

ஃபாஃபர்டும் க்ரே மௌஸரும் வேறு விஷயம். ஒருவன் ஏழடி உயர வடக்கத்தியான், இன்னொருவன் குள்ளமான, கெட்டிக்கார, சாம்பல் நிற உடைக்காரன். இவர்களுக்கு நடிகர்களைத் தேட வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கனவே ஜோடி. பர்ட் லங்காஸ்டரும் நிக் க்ரவாட்டும் 1930களில் சர்க்கஸில் சேர்ந்து கம்பத்தில் வித்தை காட்டியவர்கள். 1950-ல் ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஆரோ’, 1952-ல் ‘தி க்ரிம்ஸன் பைரேட்’ இரண்டிலும் பெரியவன் தாவுகிறான், சின்னவன் அவன் தோளிலிருந்து தாவுகிறான். நட்பு என்பதை வசனமாகச் சொல்லாமல் உடம்பின் எடைக் கணக்காகக் காட்டும் படங்கள் எனக்குத் தெரிந்து இவை இரண்டுதான். ஒருவன் கையை நீட்டும்போது இன்னொருவன் அங்கே இருப்பான் என்பதில் சந்தேகமே இல்லாத நட்பு. சங்கடம் ஒன்று உண்டு. க்ரவாட்டின் நியூயார்க் உச்சரிப்பு சரித்திரக் கதைக்குப் பொருந்தாது என்று இரண்டிலும் அவரை ஊமையாக்கிவிட்டார்கள். மௌஸரோ ஓயாமல் பேசுகிறவன். எனக்கு இது சங்கடமாகவே படவில்லை. லான்க்மார் நகரத்துச் சந்துகளில் வளர்ந்தவன் ப்ரூக்ளின் தெருவில் வளர்ந்தவன் போலப் பேசினால் என்ன? பேச விட்டிருக்க வேண்டும்.

‘தி ஃப்ளேம் அண்ட் தி ஆரோ’வை இயக்கியவர் ஜாக் டூர்னர். 1942-ல் ‘காட் பீப்பிள்’, 1943-ல் ‘ஐ வாக்ட் வித் எ ஸோம்பி’ எடுத்த அதே டூர்னர். நீச்சல் குளத்துச் சுவரில் நீர் நிழல் ஆடுவதை மட்டும் காட்டி, இருட்டில் ஒரு மிருகம் இருப்பதாக நம்ப வைத்தவர். வாளையும் மந்திரத்தையும் ஒரே கையில் வைத்திருந்த ஒரே இயக்குநர் என்று இவரைத்தான் சொல்வேன். அவையிரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. 1957-ல் இங்கிலாந்தில் அவர் எடுத்த ‘நைட் ஆஃப் தி டீமன்’ படத்தில், காட்டாமலே விட நினைத்த பிசாசைத் தயாரிப்பாளர் அவர் விருப்பத்துக்கு மாறாகக் காட்டிவிட்டார். லைபரின் கதைகளில் மந்திரம் பெரும்பாலும் பனிமூட்டமாக, வாடையாக, பூட்டிய வீட்டின் மௌனமாக வருகிறது. டூர்னர் அவற்றை எடுத்திருந்தால் இந்த வகைக்கு இன்றுள்ள பெயரே வேறாக இருந்திருக்கும்.

இதுவரை நான் சொன்ன முகங்களெல்லாம் வெள்ளை முகங்கள். அது தற்செயலில்லை, ஹாலிவுட் எனக்குத் தருகிற பட்டியலே அப்படி. ஆனால் மேலே குறிப்பிட்ட படங்களை வரிசையாகப் பார்த்துவந்தால் ஒரு மனிதர் திரும்பத் திரும்பத் தென்படுகிறார். 1924-ல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’தில் இந்திய இளவரசன். 1932-ல் ‘தி மம்மி’யில் கார்லாஃபின் நூபிய வேலைக்காரன். அதே வருஷம் ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ படத்தில் ரஷ்யக் கொஸாக். அதாவது கறுப்பர் ஒருவர் வெள்ளை ஒப்பனையில். 1933-ல் ‘கிங் காங்’ தீவின் தலைவன். 1935-ல் ‘ஷீ’யில் ஒரு குலத்தலைவன். பெயர் நோபிள் ஜான்ஸன். கறுப்பர்களுக்காகக் கறுப்பர்களே படமெடுக்க வேண்டும் என்று 1916-ல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தம்பியோடு சேர்ந்து தொடங்கியவர். ஹாலிவுட் கற்பனைத் தேசம் ஒன்றைக் கட்டும்போதெல்லாம் அதன் வாசலில் நிறுத்த இவரைக் கூப்பிட்டது. எடுக்கப்படாத என் படங்களிலும் இவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. எந்த வேடத்துக்கு என்பதுதான் கேள்வி. ஹோவர்டின் கதைகளில் கறுப்பர்களைப் பற்றிய வரிகள் பல, படிக்கக் கூசுகிறவை. அவற்றுக்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. 1982 படத்தில் தூல்ஸா டூம் என்ற மந்திரவாதியாக ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் வந்து, அந்தப் படத்தில் நிஜமான ராஜா யார் என்பதைத் தன் குரலால் காட்டிவிட்டார். 50 வருஷம் முன்னால் அந்த நாற்காலி நோபிள் ஜான்ஸனுக்குக் கிடைத்திருக்காது.

1924 படத்தில் மங்கோலிய அடிமைப் பெண்ணாக வந்த அன்னா மே வாங்கின் கதையும் இப்படித்தான். 1937-ல் ‘தி குட் எர்த்’ படத்தின் சீனக் குடியானவப் பெண் வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று. கணவன் வேடத்தில் பால் முனி என்ற வெள்ளையர் இருக்கும்போது மனைவியாகச் சீனப் பெண் நடிப்பது தணிக்கைக்கு ஆகாது. ரெய்னர் ஆஸ்கார் வாங்கினார்.

ஒரே ஒரு கதை என்று சொன்னேனே, அது ‘தி டவர் ஆஃப் தி எலிஃபண்ட்’. கோனன் இதில் அரசன் இல்லை, படைத்தலைவன்கூட இல்லை. நகரத்துக்குப் புதிதாக வந்த இளந்திருடன். யாரா என்ற பூசாரியின் கோபுரத்தில் ஒரு மணிக்கல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ராத்திரியில் ஏறுகிறான். உச்சியில் சிலந்தி. சிலந்தியைத் தாண்டி உள்ளே போனால் யானைத் தலையும் மனித உடம்புமாக ஓர் உருவம். சிலை என்று நினைக்கிறான். அது அழுகிறது. யாக்-கோஷா என்பது அதன் பெயர். வேறு கிரகத்திலிருந்து பறந்து வந்தது, தெய்வமாக வணங்கப்பட்டது, பின்பு தன் வித்தையைக் கற்றுக்கொடுத்த சீடனாலேயே கண் பிடுங்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டுச் சிறை கிடக்கிறது. அதன் முன் நிற்கும் கோனனுக்கு, ஒரு மனித குலம் முழுவதன் பாவமும் தன்மேல் இறங்கியதுபோல் இருக்கிறது. ஹோவர்ட் எழுதியவற்றில் உயர்ந்த இடம் இதுதான். பிள்ளையாரைத் தெரு முனையில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை டெக்ஸாஸ்காரர்களைவிட வேறு விதமாகவே படும்.

1940-ல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தை நினைத்துப் பாருங்கள். அலெக்ஸாண்டர் கோர்டா இங்கிலாந்தில் தொடங்கி, யுத்தம் வந்ததால் ஹாலிவுட்டில் முடித்த படம். அபு என்ற இளந்திருடன் ஒரு கோயிலின் பிரம்மாண்டமான சிலைமேல் ஏறுகிறான். வழியில் ராட்சதச் சிலந்தியோடு சண்டை போடுகிறான். சிலையின் நெற்றியிலிருந்து மணிக்கல்லைத் திருடுகிறான். பாதிப்பு என்று நான் சொல்லவில்லை. திருடன், உயரம், சிலந்தி, மணிக்கல்: யானைக் கோபுரத்தில் முக்கால் பங்கு ஏற்கனவே டெக்னிகலரில் எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் சொல்கிறேன். கடைசியில் ராஜா அவனைப் பள்ளிக்கூடத்தில் போட்டு மந்திரியாக்கப் போவதாக அறிவிக்கும்போது, அபு பறக்கும் கம்பளத்தைத் திருடிக்கொண்டு போய்விடுகிறான். அந்தக் காலத்து வாள் படங்களில் எந்த ராஜாவின் முன்னும் குனியாமல் முடிகிற ஒரே திருடன் எனக்குத் தெரிந்து இவன்தான்.

நடித்தவன் சாபு. மைசூர் மகாராஜாவின் மாவுத்தன் ஒருவரின் மகன், 1924-ல் காராபூரில் பிறந்தவன். யானைக் கொட்டாரத்தில் இருந்தவனை ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி ‘எலிஃபண்ட் பாய்’ படத்துக்காகத் தேர்ந்தெடுத்தார். அந்தப் படம் வெளிவந்தது 1937-ல். பிறகு ஹாலிவுட் அவனுக்கு என்ன செய்தது என்பது தெரிந்ததே: 1942-ல் ‘அரேபியன் நைட்ஸ்’, 1944-ல் ‘கோப்ரா உமன்’, எல்லாவற்றிலும் ஜான் ஹால் என்ற நாயகனுக்குத் தோழன். காதல் காட்சி வந்தால் அவன் வெளியே காவல் நிற்க வேண்டும். அமெரிக்கப் பிரஜையாகி, யுத்த விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கி பிடித்தான். 1963-ல் 39 வயதில் இறந்துபோனான்.

கோனன் நீலக் கண்ணன், வடக்கத்தியான், வெள்ளையன். ஹோவர்ட் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறார். இருந்தாலும் இந்த ஒரு கதைக்கு நான் கேபிளை அழைக்க மாட்டேன். 1940-ன் சாபு, 16 வயது. நகரத்தார் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிற அந்நியப் பையன். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று கதாசிரியர் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. யாராவாக, அதே படத்தில் ஜாஃபராக வந்த கான்ராட் வைட். வெளிச்சம் கண்களில் மட்டும் விழுந்தால் போதும். யாக்-கோஷாவுக்கு சார்லஸ் லாட்டன். 1939-ல் ‘தி ஹஞ்ச்பாக் ஆஃப் நோத்ர் டாம்’ படத்தில் அத்தனை ஒப்பனைக்கு அடியிலிருந்தும் மனிதனை வெளியே கொண்டுவந்தவர். யானை மூச்சுவிடும் சத்தத்தில் தூங்கிப் பழகிய பையன் இருட்டில் தும்பிக்கையைத் தொட்டுப் பார்க்கிறான். அது அழுகிறது என்பது மற்றவர்களைவிட அவனுக்கு முதலில் தெரியும். முகமூடியில் லாட்டனின் கண்களுக்குத் துளை விடக் கூடாது. யாக்-கோஷாவுக்குக் கண் கிடையாது, குரல்தான் வேண்டும்.